கடைசிக் கம்பத்து வீடும் விலையுயர்ந்த டிவியும்

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் புது டிவி வாங்குகிறவர் பெரும்பாலும் கையில் ஒரு ஸ்பைக் கார்டோடுதான் வீட்டுக்கு வருவார். "மலை ஊர், இடி ஜாஸ்தி. இது இல்லாம டிவியை மாட்டாதீங்க சார்" என்று கடையில் சொல்லியிருப்பார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அந்தப் பட்டையை வாங்கியதோடு காவல் முடிந்தது என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். மழை இரவுக்கு மறுநாள் டிவி, ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர் எல்லாம் ஒருசேரப் போன வீட்டில் ஸ்பைக் கார்டும் சேர்ந்தே கருகிக் கிடப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல.

எந்தக் கருவி தேவை என்று தீர்மானிக்க, வருகிற கேடு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று பார்ப்பதே சரியான அளவுகோல் என்று நினைக்கிறேன். அப்படிப் பார்த்தால் இந்த மலையில் ஸ்பைக் கார்ட் கடைசியாக வாங்க வேண்டிய பொருள். எர்த்தும் ஹை வோல்டேஜ் கட்-ஆஃபும் அதற்கு வெகுமுன்னால் வர வேண்டியவை.

பக்கத்தில் எங்கோ இடி விழுந்தால் மின்கம்பியில் தூண்டப்படும் அதிர்வு மைக்ரோ விநாடிக் கணக்கில் வந்து போய்விடும். பாதுகாப்புக் கருவிகளைச் சோதிக்கும் அலையே 8 மைக்ரோ விநாடியில் உச்சிக்கு ஏறி 20 மைக்ரோ விநாடியில் பாதியாக இறங்கும்படி வகுக்கப்பட்டது. கரண்ட் போய்த் திரும்பி வரும் நொடியில் எழும் துடிப்பும், பக்கத்து வீட்டு மோட்டார் நிற்கும்போது எழும் துடிப்பும் கண் சிமிட்டும் நேரத்துக்குள் அடங்குபவை. ஸ்பைக் கார்ட் இந்தக் குறுகிய துடிப்புகளுக்காகச் செய்யப்பட்டது. நியூட்ரல் அறுந்து வரும் ஹை வோல்டேஜ் வேறு கணக்கு. லைன்மேன் வந்து சரிசெய்யும் வரை, சில நிமிடமோ சில மணி நேரமோ, அது அப்படியே நிற்கும்.

அந்த இரண்டாவது கேட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலையில் அதற்கு வழி அதிகம். கம்பத்தில் மூன்று ஃபேஸ், ஒரு நியூட்ரல். ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட்; இரண்டு ஃபேஸுக்கு நடுவே 400 வோல்ட். யூகலிப்டஸ் கிளையோ வாட்டில் மரமோ சாய்ந்து நியூட்ரல் கம்பி மட்டும் அறுந்தால், வெவ்வேறு ஃபேஸில் இருக்கும் வீடுகள் ஒன்றின் வழியாக ஒன்று மின்சாரம் எடுக்கத் தொடங்கும். இரண்டே வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டில் 2000 வாட் கீஸர் ஓடுகிறது. இன்னொரு வீட்டில் டிவியும் விளக்குகளுமாக 200 வாட். அந்த 400 வோல்ட்டை இரண்டும் பங்கிட்டுக்கொள்ளும்போது கீஸர் வீட்டுக்குக் கிடைப்பது 36 வோல்ட். டிவி வீட்டின் தலையில் விழுவது 364 வோல்ட். சிக்கனமாகக் கரண்ட் எடுக்கும் வீடுதான் எரிகிறது. வருஷம் முழுக்கக் காலையில் கீஸர் போடும் ஊர் இது. குளிர் மாதங்களில் ரூம் ஹீட்டரும் சேரும். சமவெளியைவிட இங்கே இந்த ஏற்றத்தாழ்வு கடுமையாக இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கொடைக்கானல் மலையைக் கடந்தபோது மரங்கள் விழுந்து மின்கம்பிகள் அறுந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. ஆனால் நியூட்ரல் போவதற்குப் புயல் தேவையில்லை. வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயர் கம்பத்தில் சேரும் இடத்தில் அலுமினியமும் செம்பும் தொட்டுக்கொண்டிருந்தால், மாதக்கணக்கில் படியும் பனிமூட்டத்தின் ஈரம் அந்த இணைப்பை மெல்ல அரித்துவிடும். விளக்கு திடீரென்று பிரகாசமாவதும் மங்குவதுமாக ஆடினால், அது பெரும்பாலும் நியூட்ரல் இணைப்பு எங்கோ தளர்ந்துவிட்டதன் அறிகுறி. மூன்று ஃபேஸ் இணைப்புள்ள விடுதிகளிலும் பெரிய வீடுகளிலும் அந்த ஆட்டம் தெரிந்த அன்றே மெயினை அணைப்பது நல்லது. அங்கே உள் நியூட்ரல் ஒன்று போனாலே மொத்தக் கட்டடமும் ஒரே நேரத்தில் மாட்டிக்கொள்ளும்.

இப்போது ஸ்பைக் கார்டைத் திறந்து பார்க்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு அடிப்பக்கத் திருகுகளைக் கழற்றினால், பித்தளைப் பட்டைகளுக்கு நடுவே நீல நிறத்தில் ஒரு சின்ன வில்லை தெரியும். அதுதான் எம்.ஓ.வி. துத்தநாக ஆக்சைடு பொடியைச் சுட்டுச் செய்த இந்த வகைத் தடுப்பானை 1960களின் கடைசியில் ஜப்பானின் மத்சுஷிதா நிறுவனத்தில் உருவாக்கினார்கள். சாதாரண வோல்டேஜில் அது சும்மா இருக்கும். வரம்பைத் தாண்டினால் வழிவிட்டு அதிகப்படி மின்னோட்டத்தைத் தன் வழியாகத் திருப்பிவிடும். வில்லையின் முதுகில் '20டி 431கே' என்பது போல ஓர் எண் அச்சிட்டிருக்கும். முதல் இரண்டு இலக்கம் விட்டம், மில்லிமீட்டரில். அடுத்த மூன்று அது விழித்துக்கொள்ளும் வோல்டேஜ்: 431 என்றால் 430 வோல்ட். 20 மில்லிமீட்டர் வில்லை ஒரே தடவை வரும் துடிப்பில் சுமார் 6,500 ஆம்பியரைத் தாங்கும். 7 மில்லிமீட்டர் வில்லை ஆயிரத்துச் சொச்சம்தான். மலிவான பட்டைகளில் பெரும்பாலும் இந்தச் சின்ன வில்லைதான் இருக்கிறது, அதுவும் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே ஒன்றே ஒன்று. எர்த் பக்கம் எதுவும் இல்லை. வெளியே எரியும் சிவப்பு விளக்கு கரண்ட் வருகிறது என்று மட்டுமே சொல்லும். வில்லை உயிரோடு இருக்கிறதா என்று சொல்லாது. ஒவ்வொரு அடியிலும் வில்லை கொஞ்சம் தேயும். முழுதாகச் செத்த பிறகும் டிவி அதே பட்டையில் ஒன்றும் தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

இதே வில்லைக்கு அந்த 364 வோல்ட்டைக் கொடுத்தால் என்ன ஆகும்? அதன் உச்சம் 515 வோல்ட். 430இல் விழிக்கும் வில்லை ஒவ்வோர் அரைச் சுற்றிலும் மின்சாரத்தைக் குடித்துச் சூடேறும். மைக்ரோ விநாடிக்குச் செய்த பொருள் சில நொடிகளிலேயே வெந்துவிடும். நல்ல பட்டையில் வில்லையை ஒட்டி ஒரு வெப்ப ஃபியூஸ் இருக்கும். அது அறுந்து வில்லையை விலக்கும். அந்த ஃபியூஸ் டிவிக்குப் போகும் கரண்டையும் சேர்த்து நிறுத்தாவிட்டால், வில்லை விலகிய பின் ஹை வோல்டேஜ் நேராக டிவிக்குத்தான் போகும். டிவியின் பவர் போர்டில் இருக்கும் பெரிய மின்தேக்கியில் 400 அல்லது 450 வோல்ட் என்று எழுதியிருக்கும். 515 வோல்ட்டை அது பொறுக்காது. வெப்ப ஃபியூஸே இல்லாத பட்டையில் தீப்பிடிக்கவும் கூடும். மரத்தளமும் மரக்கூரையும் உள்ள பழைய பங்களாக்கள் நிறைந்த ஊரில் இது டிவியோடு போகிற நஷ்டம் இல்லை.

வெளிநாட்டு ஆலோசனையை அப்படியே எடுத்துக்கொள்வதும் ஆபத்து. அமெரிக்க வழிகாட்டிகள் 330 வோல்ட்டில் மட்டுப்படுத்தும் பட்டையைத் தேடச் சொல்கின்றன. அங்கே வீட்டு வோல்டேஜ் 120. அதற்கு அது பொருந்தும். நம் 230 வோல்ட்டின் இயல்பான உச்சமே 325. வோல்டேஜ் 253 வரை ஏறினால் உச்சம் 358. அந்தப் பட்டையை இங்கே மாட்டினால் சாதாரண நாளிலேயே எரியும். அதேபோல டப்பாவில் பெரிதாகப் போட்டிருக்கும் ஜூல் எண்ணை வைத்து இரண்டு பட்டைகளை ஒப்பிடுவதும் பயனற்றது. வில்லையின் விட்டம், எத்தனை வில்லை, வெப்ப ஃபியூஸ் இருக்கிறதா, அது அறுந்தால் கரண்ட் நிற்குமா என்ற நான்கு கேள்விகளுக்கு ஜூல் எண்ணில் பதில் கிடையாது.

ஸ்டெபிலைசருக்கு வருவோம். சீசன் நாட்களில் லாட்ஜுகள் நிரம்பி லைன் கடைசியில் வோல்டேஜ் இறங்கும்போது ஃப்ரிட்ஜுக்கு அது உதவும். நல்ல ஸ்டெபிலைசரில் ஹை வோல்டேஜ் கட்-ஆஃபும், கரண்ட் திரும்பியதும் சில நிமிடம் காத்திருந்து இணைக்கும் வசதியும் உண்டு. இவை இரண்டும் அதன் உண்மையான மதிப்பு. இடித் துடிப்பை அது தடுக்காது, ஏனென்றால் உள்ளே இருக்கும் ரிலே அசைய மில்லி விநாடிகள் ஆகும், துடிப்போ அதற்குள் போய்விடும். இன்வெர்ட்டரும் இப்படித்தான். யூ.பி.எஸ். மோடில் வைத்தால் வோல்டேஜ் வரம்பைத் தாண்டும்போது மெயினிலிருந்து விலகி பேட்டரிக்கு மாறும். ஆனால் கரண்ட் இருக்கும் நேரம் முழுக்க மெயின் மின்சாரம் அதன் வழியாக நேரே உள்ளே போகிறது. மின்சாரத்தை முழுதாக மாற்றி மறுபடி உண்டாக்கித் தரும் ஆன்லைன் யூ.பி.எஸ். உண்மையிலேயே நல்லது. ஆனால் அதன் விலையும், இரைச்சலும், ஓயாத மின்செலவும், பேட்டரி மாற்றும் செலவும் ஒரு டிவிக்காக ஏற்க வேண்டியவை என்று எனக்குத் தோன்றவில்லை. வீட்டிலிருந்து வேலை செய்கிறவரின் கணினிக்கோ ஸ்டூடியோ வைத்திருப்பவரின் ஒலிக்கருவிக்கோ அதை வாங்கலாம்.

இந்த மலையில் ஒரே ஒரு கருவிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், மீட்டருக்கு அடுத்த டி.பி. பெட்டியில் மாட்டும் ஓவர்-அண்டர் வோல்டேஜ் கட்-ஆஃபை வாங்கச் சொல்வேன். வோல்டேஜ் 270ஐ ஒட்டி ஏறினால் வீட்டையே துண்டித்து, இயல்பான பிறகு சிறிது நேரம் பொறுத்து இணைக்கும். மரம் விழுந்து நியூட்ரல் போகும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான கருவி தெரியவில்லை. வாங்கும்போது கேட்க வேண்டியவை இரண்டு. முதலாவது, 440 வோல்ட் தொடர்ந்து வந்தால் கருவியே தாங்குமா? துண்டித்துவிட்டுத் தானும் எரிந்துபோகிற கட்-ஆஃபை நம்ப முடியாது. இரண்டாவது, வீட்டு மெயின் எம்.சி.பி.யின் ஆம்பியருக்குக் குறையாத மதிப்பா? சிறிய ரிலேயில் கீஸரும் ஹீட்டரும் சேர்ந்து ஓடினால் அதன் முனைகள் ஒட்டிக்கொள்ளும். பிறகு தேவைப்படும் நேரத்தில் துண்டிக்காது.

கட்-ஆஃப் நொடிக் கணக்கில் வேலை செய்வது. மைக்ரோ விநாடிக்கு அதே பெட்டியில் டைப் 2 எஸ்.பி.டி. என்ற துடிப்புத் தடுப்பான் வேண்டும். ஐ.இ.சி. 61643 தரத்தில் வருவது அது. அதற்குள்ளும் வில்லைதான், ஆனால் பெரியது. தேய்ந்துபோனால் ஜன்னலில் பச்சை மறைந்து சிவப்பு தெரியும், கழற்றி வேறு போடலாம். ஒயர்மேன் எதையாவது மாட்டிவிடுவார் என்று விட்டுவிடாமல் இரண்டு விஷயத்தில் பிடிவாதமாக இருக்க வேண்டும். 275 வோல்ட் என்று போட்டதை விட்டு 320 வோல்ட் என்று போட்டதைக் கேளுங்கள். 320 வோல்ட் வில்லை விழிப்பது 510இல். கட்-ஆஃப் துண்டிக்கும் வரையிலான அந்த ஒரு நொடியில் 364 வோல்ட் வந்தாலும் அது அநேகமாக அசையாமல் தப்பிக்கும். 275 வோல்ட் வில்லை அப்போதே வேகத் தொடங்கும். இதனால் துடிப்பு கொஞ்சம் கூடுதலாக உள்ளே வரும் என்பது உண்மை. ஆனாலும் அது 1.5 கிலோவோல்ட்டுக்குள் நிற்கும். வீட்டுச் சாதனங்கள் 2.5 கிலோவோல்ட் துடிப்பைத் தாங்கும்படி வடிவமைக்கப்படுகின்றன. இன்னொன்று, நம் வீடுகளில் எர்த் நமக்கு நாமே குழி தோண்டிப் போட்டது. அந்த அமைப்புக்கு ஃபேஸ்-நியூட்ரல் நடுவே வில்லையும், நியூட்ரல்-எர்த் நடுவே வாயுக் குழாயும் உள்ள 1+1 வகைதான் சரி. ஃபேஸிலிருந்து நேராக எர்த்துக்கு வில்லை போட்டால், அது தேயத் தேய எர்த் ஒயரில் கசிவு ஏறும். ஆபத்து வீட்டில் இருக்கும் மனிதர்களுக்கு.

ஒயரின் நீளத்தையும் பார்க்க வேண்டும். எஸ்.பி.டி.க்குப் போகும் ஒயரும் அதிலிருந்து எர்த் பட்டைக்குப் போகும் ஒயரும் சேர்ந்து அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கிறது தரம். மைக்ரோ விநாடிக்கு ஆயிரம் ஆம்பியர் வேகத்தில் ஏறும் மின்னோட்டம் ஒரு மீட்டர் ஒயரிலேயே ஏறத்தாழ ஆயிரம் வோல்ட்டை உண்டாக்கிவிடும். அழகுக்காகச் சுற்றிச் சுற்றிக் கொண்டுபோய்ச் சுருட்டி வைத்த ஒயர், நல்ல எஸ்.பி.டி.யைப் பாதி வீணாக்கும்.

எர்த் பற்றிப் பேசினால் ஒயர்மேன்கள் சொல்லும் பதில் ஒன்றுதான்: "எர்த் சூப்பரா இருக்குண்ணே, லைட் பளிச்னு எரியுது பாருங்க." ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பைப் போட்டுப் பார்ப்பதுதான் அவர்கள் சோதனை. அந்த பல்பின் தடை 529 ஓம். எர்த்தின் தடை 50 ஓம் என்று மோசமாக இருந்தாலும் பல்புக்கு 210 வோல்ட் கிடைத்துவிடும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. பல்பு எரிவது எர்த் ஒயர் அறுந்துவிடவில்லை என்பதற்குச் சான்று, அவ்வளவுதான். பழனி மலையின் அடியில் இருப்பது சார்னோக்கைட் பாறை. பல மனைகளில் கடப்பாறை கொஞ்ச ஆழத்திலேயே பாறையில் மோதும். மழையில் ஈரமாக இருக்கும் மேல்மண் பிப்ரவரி, மார்ச்சில் காய்ந்து, சரியாக ஏப்ரல், மே இடிமழை தொடங்கும் நேரத்தில் எர்த்தின் தடை உச்சத்தில் இருக்கும். செங்குத்தாக ஆழம் கிடைக்காத இடத்தில் பட்டையைக் கிடையாக நீளப் புதைப்பதும், இரண்டு மூன்று குழிகளை இணைப்பதும்தான் வழி. எர்த் டெஸ்டர் கருவியால் அளந்து எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். அளவை மார்ச்சில் எடுக்க வேண்டும்; நவம்பரில் எடுத்தால் நல்ல எண்தான் வரும்.

உயரம் பற்றியும் ஒரு பயம் இருக்கிறது. சில லேப்டாப் அடாப்டர்களின் முதுகில் மலைச்சிகரம் வரைந்த ஒரு முக்கோணமும் 2000 மீட்டர் என்ற எண்ணும் இருக்கும். அந்த உயரத்துக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்பது அதன் பொருள். சீனத் தரத்தின் குறி அது. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டரில் இருக்கிறது. காற்று மெலிந்தால் அதன் மின்காப்பும் குறையும் என்பது சரியே. எஸ்.பி.டி. தரமும் 2000 மீட்டர் வரைதான் இயல்பான சூழல் என்கிறது. ஆனால் 3000 மீட்டருக்கே கூட்ட வேண்டிய இடைவெளி 14 சதவீதம்தான். நூறு மீட்டருக்கு ஒரு சதவீதத்தைச் சுற்றியே வரும். எஸ்.பி.டி.யின் வாயுக் குழாய் மூடி முத்திரையிட்டது, வெளிக்காற்று அதைப் பாதிக்காது. ஆகவே உயரத்துக்காகத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். அளவைக் கறாராகக் குறைத்துச் செய்த பெயர் தெரியாத சார்ஜர்களைத் தவிர்த்தால் போதும்.

இத்தனையும் கரண்ட் வரும் வாசலுக்கான காவல். கூரையில் டிஷ், தோட்டத்துக் கம்பத்தில் கேமரா, பழைய வீடுகளில் செம்புக் கம்பி டெலிபோன் என்று இன்னும் சில வாசல்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் என்.ஐ.எஸ்.டி. நிறுவனம் 2001இல் வீட்டுக்காரர்களுக்காக வெளியிட்ட கையேடு இதையே முக்கியமாகச் சொல்கிறது: கரண்ட் ஒயரும் தகவல் ஒயரும் இரண்டும் சேரும் சாதனம்தான் அதிகம் அடிபடும். பவர் பக்கம் எஸ்.பி.டி. போட்டுத் துடிப்பின்போது அதன் எர்த்தின் வோல்டேஜ் உயரும்படி செய்துவிட்டு, டிஷ் கேபிளை வேறோர் எர்த்திலோ எர்த்தே இல்லாமலோ விட்டால், இரண்டுக்கும் இடையிலான வோல்டேஜ் வேறுபாடு டிவிக்குள் வந்துதான் சமன்படும். பவர் போர்டு நன்றாக இருந்து எச்.டி.எம்.ஐ. துளை மட்டும் செத்துப்போன டிவிகளின் கதை பெரும்பாலும் இதுதான். டிஷ் கேபிளின் எர்த்தை வீட்டு எர்த்தோடு இணைக்க வேண்டும். இன்டர்நெட்டுக்கு ஃபைபர் கிடைக்கும் இடத்தில் செம்பை விட்டுவிடுங்கள். கண்ணாடி இழை இடியைக் கடத்தாது. தோட்டத்தில் நீளமாக ஓடும் கேமரா ஒயர் ரெக்கார்டருக்குள் நுழையும் முன் அதற்கென்று ஒரு தடுப்பான் வேண்டும்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பவர்கள் பாலிசியைப் படிக்க வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் மின்னல் ஓர் இடராகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதே பாலிசியின் விலக்குப் பகுதியில், ஷார்ட் சர்க்யூட், அதிக அழுத்தம், கசிவு போன்றவற்றால் எரிந்த மின்சாதனத்துக்கு, காரணம் மின்னலாகவே இருந்தாலும், அந்தக் குறிப்பிட்ட சாதனத்துக்கு இழப்பீடு இல்லை என்றும் இருக்கிறது. அதிலிருந்து தீ பரவி வீடு எரிந்தால்தான் பாலிசி பேசும். மின்சாதனங்களுக்குத் தனிப் பிரிவு சேர்த்து வாங்கினால் வேறு விஷயம்.

சொந்த வீட்டுக்காரர் எர்த்தை அளந்து சரிசெய்துவிட்டு, கட்-ஆஃப், 1+1 எஸ்.பி.டி., டிஷ் கேபிள் இணைப்பு என்று இந்த வரிசையில் செய்தால் போதும். அதன் பிறகும் மனம் கேட்கவில்லை என்றால் நல்ல ஸ்பைக் கார்ட். வாடகை வீட்டுக்காரரால் டி.பி. பெட்டியில் கை வைக்க முடியாது. அவருக்கு ஹை வோல்டேஜ் கட்-ஆஃப் உள்ள டிவி ஸ்டெபிலைசரும், அதன் அவுட்புட்டில் பெரிய வில்லையும் வெப்ப ஃபியூஸும் உள்ள பட்டையும் சேர்ந்து ஓரளவு அதே வேலையைச் செய்யும். நேராக வீட்டின் மேலேயே விழும் இடியை இவை எதுவும் தடுக்காது. சராசரி மின்னலே 30,000 ஆம்பியரைச் சுற்றி வருவது. மேட்டு விளிம்பில் தனித்து நிற்கும் கட்டடத்துக்கு இடிதாங்கியும் டைப் 1 எஸ்.பி.டி.யும் தனியாகக் கணக்குப் போட்டுச் செய்ய வேண்டியவை. மற்றவர்களுக்கு, புனேயின் ஐ.ஐ.டி.எம். தரும் தாமினி செயலி பக்கத்தில் இடி வருவதை முன்கூட்டிக் காட்டும்போது டிவியின் பிளக்கையும் டிஷ் கேபிளையும் சேர்த்துப் பிடுங்கிவிடுவது எந்தக் கருவிக்கும் மேலான காவல். இடி தலைக்கு மேல் வந்த பிறகு ஒயரைத் தொடக் கூடாது.

மீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கும் சர்வீஸ் ஒயர் இணைப்பு நம் கையில் இல்லை, அதற்கு இ.பி. ஆபீஸில் எழுதிக் கொடுக்க வேண்டும், அல்லது மின்வாரியத்தின் மின்னகம் சேவை மையத்தில் புகார் பதிய வேண்டும். விளக்கு ஆடுகிறது என்று மட்டும் சொன்னால் வந்து ஃபியூஸைப் பார்த்துவிட்டுப் போவார்கள். கம்பத்து நியூட்ரல் இணைப்பைப் பிரித்துச் சுத்தம் செய்து, அலுமினியத்துக்கும் செம்புக்கும் பொருந்தும் கிளாம்ப் போட்டுத் தர வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் பிடிக்கும். செப்டம்பரிலேயே கேட்டுவிட்டால் வேலை நடக்க நாள் இருக்கும்.